டாக்சிக்கு ஒப்பனை

சினிமா ஊரான வர்ஸஸாத்தில் கற்பாறையைக்கூட நம்பக் கூடாது. ஏதோ ரோமாபுரிப் படத்துக்காக வெள்ளைக்காரர்கள் செய்துவிட்டுப் போன ஆளுயரப் பாறை ஒன்றை இயக்குநர் ஷக்கீப் ஒற்றைக் கையால் தூக்கிவந்து ஸகோரா சாலையோரம் வைத்தார். உள்ளே முழுக்கத் தெர்மாகோல்.

"இதுல மோதி வண்டி நொறுங்கணும். நிஜமா இருக்கணும். சினிமான்னாலே நிஜம்தான்," என்றார். காசாபிளாங்காக்காரர். கொளுத்துகிற வெயிலிலும் கழுத்தில் மப்ளர்.

நொறுங்க வேண்டியது யம்னாவின் அண்ணன் லஹ்சனுடைய பழைய பென்ஸ் டாக்சி. அதன்மேல் ஒரு கீறலும் விழாமல் அதை நொறுக்க வேண்டியது யம்னா. கல்யாணப் பெண்களுக்கு ஒப்பனை செய்கிறவள். காலையில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திச் சாவியைப் பையில் போடும்போதே லஹ்சன் பந்தயம் கட்டியிருந்தார்.

"இருபத்திரண்டு வருஷமா ஒரு கீறல் விழுந்ததில்ல. ஏன்? ஓட்டறது நானு! இன்னிக்கு ஒண்ணு விழுந்துச்சு, உன் லைசென்ஸைக் கொண்டுபோய் அடுப்புல போடு."

"விழலேன்னா?"

"விழலேன்னா நாளைக்கு ஸ்கூரா ஊர்க் கல்யாணத்துக்கு ஒப்பனை பண்ண நீயே ஓட்டிட்டுப் போ."

லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷம். அதை யம்னா கல்யாண நகைகளோடு பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாள். அண்ணன் இதுவரை அந்த வண்டியின் கதவைச் சாத்தக்கூட அவளை விட்டதில்லை. பந்தயம் கட்டிய கையோடு, படத்தில் தன் முகமும் எப்படியும் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அவர் சவரக்கடைக்குப் போய்விட்டார்.

யம்னா பெட்டியைத் திறந்தாள். கண்மையால் பள்ளம் வரைந்தாள், வெள்ளி ஜிகினாவால் விளிம்பு தீட்டினாள். வழவழப்பான கதவு கண்ணெதிரே உள்வாங்கியது. முன்கண்ணாடியில் சோப்புக் கட்டியால் விரிசல்கள் கிளம்பின.

"அக்கா, எங்க கத்துக்கிட்டீங்க?" ஷக்கீப் மப்ளரைத் தளர்த்தினார்.

"இருபது வருஷமா மூஞ்சில இருக்கற பள்ளத்தை மறைச்சிட்டிருக்கேன் சார். பள்ளம் தோண்டறதா பெரிசு?"

பின்சக்கரத்துக்கு மேலே, கண்ணேறு படாமலிருக்க அண்ணன் ஒட்டிவைத்த உள்ளங்கை வடிவ ஸ்டிக்கரை மட்டும் அவள் தொடவில்லை. பானெட்டுக்குள் சாம்பிராணிச் சட்டியை வைத்துப் புகை கிளப்பினாள். கூம்பு வடிவச் சர்க்கரைக் கட்டியை உடைத்துச் சாலையில் இறைத்ததும் கண்ணாடிச் சில்லுகளும் தயார். விபத்து நடந்த இடம் கல்யாண வீடு மாதிரி மணத்தது.

ஓட்டுநராகச் சாக வந்தவர் பா அல்லால். வெளிநாட்டுப் படங்களில் மட்டும் நாற்பத்து மூன்று முறை செத்தவர். கேமரா ஓடியதும் ஸ்டீயரிங் மேல் சாய்ந்து, நெஞ்சை இரு கைகளாலும் பற்றி, வானத்தைப் பார்த்து முனகினார்.

"கட்! பெரியவரே, நெஞ்சை எதுக்குப் பிடிக்கறீங்க?"

"ஈட்டி பாஞ்சா அங்கதான் பிடிக்கணும்."

"ஈட்டியே இல்ல! இது கார் விபத்து!"

"தம்பி, நான் நாப்பத்து மூணு தடவை செத்திருக்கேன். நீ எத்தனை தடவை?"

ஷக்கீப் மப்ளரை இறுக்கிக்கொண்டார். இரண்டாவது முறை எடுக்கும்போது எங்கிருந்தோ ஐந்தாறு ஆடுகள் வந்து கண்ணாடிச் சில்லுகளை நக்க ஆரம்பித்தன. மூன்றாவது முறைக்கு ஆயத்தமானபோதுதான் லஹ்சன் வந்தார். வழுவழுவென்று சவரம், கமகமவென்று அத்தர்.

வண்டியைப் பார்த்தார். அப்படியே நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ என் செல்லமே! இருபத்திரண்டு வருஷம்! உன்னை ஆட்டோட நாக்கு பட விட்டிருப்பேனா!"

"ஓடட்டும், கேமரா ஓடட்டும்!" ஷக்கீப் கிசுகிசுத்தார். செத்துக் கிடந்த பா அல்லால் ஒரு கண்ணைத் திறந்து, "எனக்கு ஒரு நாளும் இப்படி வந்ததில்ல," என்று பொருமினார்.

கொலைவெறியோடு எழுந்த லஹ்சன் மோதிய பாறையையே நெம்பித் தள்ளப் பாய்ந்தார். பாறை பஞ்சாக மேலே வந்தது. இவர் மல்லாந்து விழ, பாறை அவர் வயிற்றின்மேல் மெத்தென்று உட்கார்ந்தது. ஆடுகளைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள்.

"அழாதே அண்ணே, எல்லாம் மை," என்றாள் யம்னா. பாறையைத் தூக்கி வண்டிக்குப் பின்னால் வைத்தார்கள்; வாளித் தண்ணீரும் சோப்பும் வந்தன. பள்ளங்கள் கறுப்பாக வழிந்தோடின. கதவு நிமிர்ந்தது, கண்ணாடி தெளிந்தது. லஹ்சனின் முகத்தில் உயிர் திரும்பிக்கொண்டிருந்தபோது, நனைந்த கை ஸ்டிக்கர் மெல்ல உரிந்து விழுந்தது.

அதன் அடியில் ஒரு பள்ளம்.

யம்னா தேய்த்தாள். போகவில்லை. வளையல்கள் குலுங்கத் தேய்த்தாள். அப்போதும் அது அசையவில்லை. அடுப்பில் சுருண்டு எரியும் லைசென்ஸ் அவள் கண்முன் வந்துபோனது.

"நாங்க இல்ல!" ஷக்கீப் பின்வாங்கினார்.

பா அல்லால் விரலால் அதைத் தடவி, விரலை எல்லாருக்கும் காட்டினார். செங்காவித் துரு. "இது இன்னிக்குப் பட்ட அடி இல்லம்மா. நல்லா வயசான அடி."

எல்லாரும் லஹ்சனைப் பார்த்தார்கள். லஹ்சன் மலையைப் பார்த்தார்.

"அண்ணே?"

"...ஒரு கழுதை."

"எப்போ?"

"ஒம்பது வருஷம் இருக்கும். தப்பு கழுதை மேலதான்."

"கழுதை ஓடி வந்து மோதுச்சா?"

"நின்னுட்டு இருந்துச்சு," என்றார் லஹ்சன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பிறகு தங்கையின் பக்கம் குனிந்தார். "யம்னா, ஸ்டாண்டுல தெரிஞ்சா மானம் போயிடும். கல்யாணப் பொண்ணுங்களுக்குப் பூசுவியே... அதுல கொஞ்சம்..."

யம்னா கையை நீட்டினாள். சாவி வந்து விழுந்த பிறகுதான் பவுடர் டப்பாவைத் திறந்தாள். ஐந்து நிமிடத்தில் அந்த இடம் பதினெட்டு வயதுக் கன்னமாகிவிட்டது. அவள் நேரே ஸ்டீயரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நாளைக்குத்தானே ஸ்கூரா?" என்றார் லஹ்சன் பரிதாபமாக.

"பழகிக்க வேணாமா?"

பா அல்லாலும் ஷக்கீபும் முண்டியடித்து ஏறினார்கள். பின்னால் கேமராக்காரரும் ஒடுங்கிக்கொண்டார். யம்னா கியரைப் போட்டாள். வண்டி ஒரு துள்ளு துள்ளிப் பின்னால் போய், நேரே பாறையில் மோதியது. லஹ்சன் கண்களை இறுக மூடிக்கொண்டார். பாறை எகிறி, ஆடுகளின் தலைக்கு மேலாகப் பறந்து, சரிவில் குதித்துக் குதித்து உருண்டு போனது.

"கண்ணைத் திற அண்ணே!" ஜன்னல் வழியே யம்னாவின் குரல் வந்தது. "ஒரு கீறல் இல்ல!"