விருந்தாளி இல்லாத கல்யாணம்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் பல்லி. சுவரை ஒட்டியே நடப்பாள், யாராவது திரும்பிப் பார்த்தால் அப்படியே அசையாமல் நின்றுவிடுவாள் என்பதால் வந்த பெயர். வைத்தவர்கள் படித்து முடித்து எங்கெங்கோ போய்விட்டார்கள். பெயர் மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்து தங்கிவிட்டது. கோபம் இல்லாத நேரங்களில் அம்மாகூட அப்படித்தான் கூப்பிட்டாள்.

அவள் படிப்பை விட்டதற்கும் பிறர் கண்கள்தான் காரணம். பள்ளிக்கூட விழாவில் மேடையேற்றி நாலு வரி ஒப்பிக்கச் சொன்னார்கள். வாயைத் திறந்தாள். அரங்கம் முழுக்க அவளையே பார்த்தது. நாலு வரியும் போன இடம் தெரியவில்லை. மேடையிலிருந்து இறங்கியவள் நிற்காமல் நடந்து வீட்டுக்கே வந்துவிட்டாள். அப்புறம் அந்தத் தெருப் பக்கம்கூடப் போகவில்லை.

லாண்டிரிக் கடையின் பின்கட்டில் இஸ்திரி போடும் வேலை அவளுக்கென்றே செய்து வைத்தது போல இருந்தது. முன்னால் முதலாளியம்மா வாடிக்கையாளர்களோடு மல்லுக்கு நிற்பாள். பின்னால் ஆவிக்குள் இவள். தலைக்கு மேலே ஒரு கம்பித் தண்டவாளம் ஓடும். அதில் ஊரார் கோட்டுகள் வரிசையாகத் தொங்கும். எதிரே தொங்கினாலும் உற்றுப் பார்க்காத கூட்டம். அவளுக்கு அது போதும்.

அப்படிப்பட்டவளுக்கு ஓர் ஆள் அமைந்ததும் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான். ஒரு நாள் அலுவலகக் கட்டடம் ஒன்றுக்குச் சட்டைகளைக் கொண்டு போகும்போது லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“உள்ள என்ன இருக்கு?”

“சட்டை” என்றாள் பயத்தில்.

“சட்டை மட்டுந்தானா, ஆளும் உண்டா?”

அவள் சிரித்துவிட்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். கதவைத் திறக்கும் வரை பேசிக்கொண்டே இருந்தான். முகம் தெரியாதவனிடம் அவளும் வாய் ஓயாமல் பேசினாள். “பழுது எப்பவோ சரியாயிடுச்சு. பேச்சுதான் முடியல” என்று பல மாதம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டான்.

கல்யாணம் என்று வந்தபோது இருவருக்கும் ஒரே எண்ணம்தான், காரணம்தான் வேறு வேறு. அவனுக்குக் கடன் ஆகாது. “ஒரு நாள் கூத்துக்குக் கடன் வாங்கிட்டு, அப்புறம் அந்தக் கடனோட குடும்பம் நடத்த என்னால ஆகாது” என்றான். அவளுக்குக் கூட்டம் ஆகாது. இருபது பேர் என்று பேசி முடித்தார்கள். மண்டபம் கிடையாது, மைக் கிடையாது.

“மேடை?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“சின்னதா, ஒரு பலகை மாதிரி?”

“தரைதான். போதுமா?”

விடுமுறை நாளில் லாண்டிரிக் கடையையே தர முதலாளியம்மா ஒப்புக்கொண்டாள். “சலவைக்கு வந்த துணில ஒரு சொட்டுக் கறை பட்டுச்சோ, உங்க ரெண்டு பேரையும் மெஷின்ல போட்டுச் சுத்தி விட்டுருவேன்” என்பது மட்டும்தான் வாடகை. வெள்ளைப் படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டால் அலங்காரம் ஆயிற்று. அழைப்பிதழுக்கு லாண்டிரிச் சீட்டு இருந்தது. துணியின் எண் வரும் இடத்தில் விருந்தாளியின் எண். பதிவு அதிகாரி நேரில் வருவார். ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு பேர் சாட்சி. அவளுடைய அம்மா ஒன்று, அவனுடைய நண்பன் ஒன்று. பிறகு சாப்பாடு. அவ்வளவுதான்.

அந்த ஒரு வாக்கியத்தை அவள் தினமும் கோட்டுகளுக்குச் சொல்லிப் பார்த்தாள். “இவரை என் மனம் விரும்பி என் கணவராக ஏற்றுக்கொள்கிறேன்.” கோட்டுகள் மறுப்புச் சொல்லவில்லை.

மறுப்பு அத்தையிடமிருந்து வந்தது.

“இருபது பேரா? என் வாயில பல்லே அதைவிட ஜாஸ்திடி” என்றாள் அத்தை. “நம்ம வீட்டுல ஒருத்தனுக்குக் காய்ச்சல்னாலே நாப்பது பேர் பாக்க வருவோம். சரி, யாரு சமைக்கிறது?”

வந்திருந்த மாப்பிள்ளை நல்ல மனதோடு வாயைக் கொடுத்தான். “சமைக்கிறவங்க, வேலை செய்யறவங்க எல்லாம் கணக்குல வர மாட்டாங்க அத்தை. விருந்தாளிதான் இருபது பேர்.”

அத்தை பேசாமல் இருந்தாள். அத்தை பேசாமல் இருந்தால் ஆபத்து என்பது குடும்பத்துக்கே தெரியும். மாப்பிள்ளைக்குத்தான் தெரியாது.

“அப்ப நான் சமைக்கிறேன்” என்றாள் அத்தை. “கூட நறுக்கித் தர மருமகள்கள் வருவாங்க. பானை தூக்க அவங்க புருஷன்மார் வருவாங்க. அவங்க யாரும் விருந்தாளி கிடையாது, பாத்துக்கோ.”

செய்தி குடும்பம் முழுக்கப் பரவியது. கல்யாணத்துக்குப் போக வேண்டுமானால் கூப்பிடத் தேவையில்லை, ஒரு வேலை கேட்டு வாங்கினால் போதும். மறுநாளே பெரியப்பா வந்து நின்றார். அப்பா இல்லாத பெண்ணுக்கு அப்பா இடத்தில் இருப்பவர் என்று யாரும் கேட்காமலே எல்லாரிடமும் சொல்லிக்கொள்பவர்.

“அறிவிப்பு என் பொறுப்பு” என்றார்.

“மைக்கே இல்லையே பெரியப்பா.”

“அதுக்குத்தானே நான்.”

அத்தையின் கடைசி மகன் குடை பிடிக்க வந்தான். கல்யாணம் கூரைக்குக் கீழே நடக்கிறது என்றதற்கு, “மழை என்ன சொல்லிட்டா வரும்?” என்றான். ஒருவர் மின்விசிறி சுவிட்சை எடுத்துக்கொண்டார். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறக்க நியமிக்கப்பட்டார். அவருடைய தம்பி முகம் வாடி நின்றதால் கதவைச் சாத்தும் வேலை அவருக்குப் போயிற்று.

இதுவரைக்கும் சேர்ந்த ஆட்களை அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். விரல் போதாத நாளும் வந்தது. அன்று தாய்மாமா தன் லாண்டிரிச் சீட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். எண் ஒன்று. முதல் விருந்தாளி.

“இது என்ன?”

“அழைப்பு மாமா.”

“வந்து, உக்காந்து, தின்னுட்டுப் போறதுக்கு நான் என்ன வழிப்போக்கனா? நேத்து வந்த கீழ்வீட்டுக்காரனுக்குக் கதவு குடுத்திருக்க. சொந்தத் தாய்மாமனுக்கு நாற்காலியா?”

மாமாவுக்கு அந்த நாற்காலிகளையே பார்த்துக்கொள்ளும் வேலை தரப்பட்டது. விஷயம் தெரிந்ததும் மற்றச் சீட்டுகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அந்தக் குடும்பத்தில் ‘விருந்தாளி’ என்பது ஒரு வசவாகவே ஆகிவிட்டது. “உன்ன விருந்தாளியாத்தான் கூப்பிட்டாங்களாமே” என்று ஒருத்தி சொல்லப்போய் இரண்டு சித்திகளுக்குள் பேச்சு நின்றுபோனது. கடைசியில் இருபது நாற்காலியும் இருந்தன. உட்காரத்தான் ஒருவரும் இல்லை. வேலைக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணி முடியவில்லை.

அவள் கடைக்குப் பின்னால் அவனை நிறுத்திக் கேட்டாள். “பேசாம பதிவு ஆபீசுக்கே போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடலாமா? இத்தனை பேர் பாத்தா எனக்கு வாய் வராது. அந்த ஒரு வாக்கியமும் போயிடும். அப்புறம் கல்யாணமே கிடையாது.”

“உன் இஷ்டந்தான்” என்றான். கேலி இல்லாமல்தான் சொன்னான். “வேணாம்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. நான் எல்லாத்தையும் நிறுத்திடறேன்.”

அவள் யோசித்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒவ்வொரு வீடாகப் போய் ஒவ்வொரு முகத்தையும் பார்க்க வேண்டும். அதற்குக் கல்யாணம் செய்துகொள்வதே சுலபம்.

அந்த நாள் வந்தது. அவள் தானே தைத்த வெளிர்நீல உடுப்பில், தலையைக் குனிந்தபடி கடை வாசலுக்கு வந்தாள். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். அவள் உள்ளே போனதும் தம்பிக்காரர் சாத்தினார். இனி அத்தனை கண்ணும் மேலே விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. பார்க்க யாருக்கும் நேரமில்லை. அத்தை பானைக்குள் தலையை விட்டு மருமகள்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். தாய்மாமா நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பிடிக்காமல் வரிசையாக மாற்றி, அதுவும் பிடிக்காமல் நின்றார். சுவிட்சுக்காரர் விசிறியைப் போட்டால் விரிப்புகள் பறந்தன, நிறுத்தினால் அத்தை கத்தினாள். தண்டவாளத்தில் ஒரு கொக்கி நடுவில் சிக்கிக்கொள்ள, மாப்பிள்ளையின் நண்பன் ஏணியில் ஏறி யார் யாருடைய கோட்டுகளுக்குள்ளோ தலையை மறைத்துக்கொண்டு அதைச் சரிசெய்தான். முதலாளியம்மா ஒரு குழம்புச் சட்டியின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. தன் கல்யாணத்துக்குள் தானே தொங்கும் கோட்டு ஒன்றைப் போல யார் கண்ணிலும் படாமல் நடந்து போனாள். ஒரு சித்தி அவளை இடித்துவிட்டு, “கொஞ்சம் தள்ளி நில்லும்மா, வேலை நடக்குதில்ல” என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை.

பதிவு அதிகாரி வந்தார். மூக்கின் நுனியில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். மேசைமேல் காகிதங்களைப் பரப்பி, “ஆரம்பிக்கலாமா? சாட்சிங்க எங்க?” என்றார்.

நண்பனின் கால்கள் ஏணியில் தெரிந்தன. அம்மா மகளுடைய இஸ்திரி மேசையில், மகளுடைய இஸ்திரிப் பெட்டியால், கைதுடைக்கும் துணிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுத்தான் அம்மா அந்த வேலையைக் கேட்டு வாங்கியிருந்தாள். வேலை இல்லாமல் நிற்க அவளுக்கும் வெட்கமாகிவிட்டது போல.

“அவங்க அங்க இருக்காங்க மேடம். கையெழுத்துக்கு வருவாங்க” என்றான் மாப்பிள்ளை.

“கையெழுத்து அப்புறம் தம்பி. நீங்க சொல்றத அவங்க காதால கேக்கணும், கண்ணால பாக்கணும். இல்லன்னா இது செல்லாது. எனக்கு அடுத்த எடத்துல இன்னொரு ஜோடி காத்துட்டிருக்கு.”

மாப்பிள்ளை கூப்பிட்டுப் பார்த்தான். காலையிலிருந்து வேலைக்காரர்களுக்கு வேலை பங்கிட்டுக் கத்தியதில் தொண்டை கட்டியிருந்தது. எண்ணெய் போடாத லிஃப்ட் கதவு மாதிரி ஒரு சத்தம் வந்தது. அறிவிப்புக்கென்றே வந்த பெரியப்பா சமையல் பக்கம் சாப்பாடு தயார் என்று அறிவித்துக்கொண்டிருந்தார். அதிகாரி காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

அவள் அம்மாவின் முதுகைப் பார்த்தாள். யாரும் பார்க்கக் கூடாது என்று இத்தனை வருடம் வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் அப்படியே பலித்துவிட்டது. அதனால்தான் இப்போது கல்யாணம் நிற்கப் போகிறது.

தண்டவாளக் கொக்கியை எட்டுவதற்காக அவள் தினமும் ஏறும் மர முக்காலி சுவரோரம் இருந்தது. இழுத்துப் போட்டு ஏறினாள்.

“அம்மா!”

குரல் விசிறிச் சத்தத்தோடு போயிற்று.

“எல்லாரும் வேலைய நிறுத்துங்க!”

கடை நின்றது. சுவிட்சுக்காரர் பயத்தில் விசிறியையும் நிறுத்திவிட்டார். கரண்டி, துடைப்பம், விரியாத குடை, நாற்காலி என்று ஆளுக்கொன்றைப் பிடித்தபடி அத்தனை பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். வாக்கியம் போய்விட்டது. போகும் என்று அவளுக்குத் தெரியும்.

“என்னடி பல்லி?” என்றாள் அத்தை. “உப்புப் பத்தலையா?”

“கீழ எறங்கு, விழுந்து வைக்காத” என்றார் தாய்மாமா. “நாற்காலிதான் என் பொறுப்பு. முக்காலிக்கெல்லாம் நான் ஜவாப்தாரி இல்ல.”

அரங்கத்தில் அன்று பார்த்தவர்கள் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தார்கள். இவர்கள் தங்கள் வேலையில் என்ன குறை என்று பார்த்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“அத்தை, கரண்டியக் கீழ வைங்க. மாமா, அதை விடுங்க. அம்மா, அந்தப் பெட்டிய நிமித்தி வை, துணி கருகுது” என்றாள். “இப்ப எல்லாருக்கும் ஒரே வேலைதான். என்னைப் பாக்கணும்.”

கரண்டியும் துடைப்பமும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

“இத முன்னாடியே சொல்லியிருந்தா முன்னாடி வந்து நின்னிருப்போமே” என்றாள் அத்தை. உடனே முன்வரிசைக்குத் தள்ளுமுள்ளு ஆரம்பமாயிற்று. பார்க்கும் வேலையையும் அவர்கள் ஒரு குறையும் வைக்காமல் செய்தார்கள். எட்டிப் பார்த்தார்கள், நாற்காலிமேல் ஏறிப் பார்த்தார்கள். நண்பன் இரண்டு கோட்டுகளை விலக்கித் தலையை நீட்டினான். அம்மா மட்டும் இருந்த இடத்திலேயே ஆவிக்குள் நின்று பார்த்தாள்.

“சொல்லும்மா” என்றார் அதிகாரி.

அவள் அம்மாவைப் பார்த்தாள். வாக்கியம் இருந்த இடத்திலேயே இருந்தது. சொன்னாள்.

“கடைசி வரிசைல காதுல விழலை!” என்று குரல் கொடுத்தார் பெரியப்பா. அவர் முக்காலியை ஒட்டித்தான் நின்றிருந்தார்.

அவள் இன்னும் உரக்கச் சொன்னாள்.

அப்போது கதவை யாரோ தட்டினார்கள். கதவைச் சாத்தியவர், வேலையில் மும்முரமாக, அதை வெளிப்பக்கம் நின்று சாத்தியிருந்தார். “எனக்கு ஒண்ணுமே கேக்கலையே!” என்றது கதவுக்கு அந்தப் பக்கத்துக் குரல். கீழ்வீட்டுக்காரர் ஓடிப்போய்த் தன் வேலையைச் செய்தார். தம்பிக்காரர் தெருவில் போன இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

அவள் மூன்றாவது தடவைக்கு மூச்சை இழுத்தாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை அவள் உடுப்பின் நுனியைப் பிடித்து இழுத்து, கட்டிய தொண்டையில் மெதுவாகக் கேட்டான்.

“நானும் ஒரு தடவை சொல்லிக்கட்டுமா?”