ராசியான மாத்திரை

1

இதைக் கதையாக எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. என்னிடம் கேட்டது ஒரே ஒரு வரி. கேட்டவர் என் அக்கா, வேதியியல் பேராசிரியர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு தாளை என் முன்னால் வைத்தார். தட்டச்சு செய்த கடிதம். நடுவில் ஒரு வரி மட்டும் காலி.

"பக்கம் பக்கமா எழுதித் தள்ளுறியே, எனக்கு ஒரு வரி எழுதிக் குடுடா."

அந்த வரி வரவில்லை. அதற்குப் பதிலாக இது வந்துகொண்டிருக்கிறது. (ஆண்டவன் நாம் கேட்டதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பதைக் கொடுக்கிறான் என்று இங்கே எழுத ஆசை. அக்கா படிப்பார். வேண்டாம்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஆய்வுக்கூடத்தின் சன்னல் வழியே மாலை வெயில் சாய்ந்து…"

நிறுத்திவிட்டேன். சன்னல் பக்கம் முழுக்க நச்சுக்காற்றை உறிஞ்சும் பெரிய பெட்டிகள். வெயில் வருவதற்கு வழியே இல்லை.

அடுத்தது: "தான் மாறாமல் மற்றவற்றை மாற்றுவதே வினையூக்கி. நல்ல மனிதர்களும் அப்படித்தான்…"

அக்கா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இத எழுதுனா உன் வீட்டுப் பக்கமே வர மாட்டேன். மேடையில பேசுறவங்கதான் அது சும்மா நிக்குதுன்னு சொல்லுவாங்க. ஒவ்வொரு சுத்துலயும் அதுவும் மாறி, அடிபட்டு, திரும்பி வருது. கொஞ்ச நாள்ல செத்தும் போகுது."

அடித்துவிட்டேன். நல்ல மனிதர்களுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

3

இரண்டு மூலக்கூறுகளை ஒட்ட வைக்க வேண்டும். தானாக ஒட்டாது. பல்லேடியம் என்ற உலோகம் வினையூக்கியாக நடுவில் இருந்து சேர்த்து வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாலே போதும். அக்காவின் கண்டுபிடிப்பு, அந்த உலோகமே தேவையில்லை என்பது. அவருடைய குடுவையில் அவை சும்மாவே ஒட்டிக்கொண்டன. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் கட்டுரை வந்தது. கைதட்டல் கிடைத்தது.

வேதியியலில் தொடக்கத்தையும் முடிவையும்தான் கையில் பிடிக்க முடிகிறதாம். நடுவில் என்ன நடந்தது என்பதைச் சோதனைகளை வைத்து ஊகித்து, அம்புக்குறிகளாக வரைகிறார்கள். அதற்கு வினைவழிமுறை என்று பெயர். என் தொழிலில் அதைத்தான் கதை என்கிறோம். அக்காவின் அறைப் பலகையில் ஏழு அம்புகள் இருந்தன. உலோகம் இல்லாத, அழகான ஏழு அம்புகள். நான்கூட அவ்வளவு கச்சிதமாக ஒரு கதை எழுதியதில்லை.

பதினொரு ஆய்வுக்கூடங்கள் தங்களுக்கு அப்படி ஒட்டவில்லை என்று எழுதின. எல்லாருக்கும் அக்கா ஒரே பதில் போட்டார்: "பொறுமையாகவும் சுத்தமாகவும் செய்து பாருங்கள்." எங்கோ தொலைவில் இருந்த ஓர் இளம் ஆசிரியர் மூன்று முறை எழுதினார். மூன்றாவது கடிதம் "தவறு என்னுடையதாகத்தான் இருக்கும்" என்று முடிந்தது. சாப்பாட்டு மேசையில் அக்கா அதை எனக்குப் படித்துக் காட்டினார். இருவரும் சிரித்தோம்.

(சிரித்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.)

4

குடுவைக்குள் இருப்பதைக் கலக்க ஒரு சின்னக் காந்தத்துண்டு போடுவார்கள். வெள்ளை உறை போட்டது, மாத்திரை வடிவம். கீழே இருக்கும் கருவி சுற்றினால் இதுவும் சுற்றும். கூடத்தில் எல்லாரும் அதை மாத்திரை என்றுதான் சொல்வார்கள். நாற்பது மாத்திரைகள் இருந்தன. அதில் ஒன்று மட்டும் கறுத்துப் போனது.

அதுதான் ராசியான மாத்திரை. அக்காவிடம் ஆய்வு செய்யும் பெண்ணுக்குச் சுருட்டை என்று பட்டப்பெயர், தலைமுடி அப்படி. முதல் வெற்றி அந்த மாத்திரையில்தான் வந்தது என்பதால், அவள் பிறகு வேறு எதையும் தொடவில்லை. தனிக் கிண்ணத்தில் வைத்து, துடைத்து மட்டும் எடுப்பாள். யாருக்கும் இரவல் கிடையாது.

நாட்காட்டியில் நான் ராசிபலன் பார்ப்பதைக் கேலி செய்யும் அக்காவுக்கு இது தெரியும். கேட்டால், "ராசியெல்லாம் இல்லடா, பழக்கம்" என்பார்.

5

இப்போது கண்ணாடியம்மா வர வேண்டும். குடுவைகளைக் கழுவும் பணியாளர். முதல் வரைவில் அவரைச் சாந்தமே உருவானவராக எழுதியிருந்தேன். பொய். குடுவையில் பிசுக்கை விட்டுப் போனவர்கள் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். பேராசிரியர் என்ற சலுகைகூடக் கிடையாது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. திங்களன்று சுருட்டையின் சோதனையை நேரில் பார்க்க வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவதாக இருந்தது. கிண்ணத்தில் கறுப்பாகக் கிடந்ததைப் பார்த்து, பெரிய மனிதர் முன்னால் இந்தப் பெண் இதையா எடுத்துப் போடுவாள், பேர் என்ன ஆகும் என்று கண்ணாடியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. கையுறை மாட்டி, இடுக்கியால் எடுத்து, கறை போக்கும் கடும் அமில ஜாடியில் போட்டார். மூன்று முறை அலசினார். பளபளவென்று திருப்பி வைத்தார்.

அமிலத்தைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. தொட்டால் வேலை போய்விடும் என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

திங்களன்று எதுவும் ஒட்டவில்லை. தேர்வாளர் காத்திருந்துவிட்டு வேறு தேதி சொல்லிப் போனார். புதன்கிழமைக்குள் ஆறு முறை செய்தும் ஒட்டவில்லை. அக்கா மருந்துகளைச் சந்தேகித்தார், தண்ணீரைச் சந்தேகித்தார், சுருட்டையைச் சந்தேகித்தார். வியாழன் காலை கண்ணாடியம்மா குறைபட்டுக்கொண்டார்: "மாத்திரைய அப்படித் தேச்சு வச்சேன். நல்லா இருக்குன்னு ஒருத்தர் வாயிலயும் வரலையே."

சுருட்டை நேராக அமில ஜாடியிடம் போனாள். அந்தக் கறுப்பு அழுக்கில்லை. எப்போதோ யாரோ செய்த சோதனையில் ஒட்டிக்கொண்ட பல்லேடியம். ஜாடி அமிலத்தைச் சோதித்தார்கள். அதில் பல்லேடியம் இருந்தது. இத்தனை நாள் ஒட்ட வைத்தது அதுதான். ஏழு அம்புகளும் பொய்.

6

முடிவு ஒன்று: இழுப்பறையில் இன்னும் இரண்டு மாத்திரைகள் லேசாகக் கறுத்துக் கிடந்தன. ஒன்றைப் போட்டால் சோதனை நடக்கும். சுருட்டைக்குப் பட்டம் கிடைக்கும். எட்டு மாதத்தில் அக்கா மாலையோடு ஓய்வு பெறலாம்.

சுருட்டை இழுப்பறையைப் பார்த்தாள். "நானும் பாத்தேன்டா" என்றார் அக்கா. "ரெண்டு நிமிஷம் பாத்தேன்."

நான் எத்தனையோ நேர்மையான பாத்திரங்களை எழுதியிருக்கிறேன். ஒருவரைக்கூட அந்த இரண்டு நிமிடம் இழுப்பறையைப் பார்க்க விட்டதில்லை.

முடிவு இரண்டு: என் முன்னால் இருக்கும் கடிதம். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்கிறது. சுருட்டைக்கு இன்னொரு வருடம் ஆகும். அந்தக் கறுப்பு என்ன செய்தது என்பதே இனி அவளுடைய ஆய்வு. தவறு எப்படித் தெரியவந்தது என்ற இடம்தான் காலி.

"உலோகத்தை நாங்கள் கண்டறிந்தோம்." கண்டறியவில்லை.

"சுத்தம் செய்தபோது தெரியவந்தது." யார் சுத்தம் செய்தது, பேயா?

"எங்கள் பணியாளர் மாத்திரையை அமிலத்தில் போட்டுக் கழுவியதால்…" உண்மை. ஆனால் அலுவலகத்தில் அவரை வீட்டுக்கு அனுப்ப இந்த ஒரு வரி போதும்.

"பொய்யும் வேணாம். அவங்க பொழப்புலயும் மண்ணு விழக் கூடாது. நீதானே எழுத்தாளன்" என்றார் அக்கா.

7

கண்ணாடியம்மாவிடம் அக்கா மறுநாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்போ ரெண்டு வருஷமா நீங்க சொன்னது தப்பா மேடம்?"

"ஆமா."

"நான் கழுவலன்னா?"

"தெரிஞ்சே இருக்காது."

கண்ணாடியம்மா அடுத்த குடுவையை எடுத்தார். "சரி, இனிமே அதக் கழுவணுமா வேணாமா? அதச் சொல்லுங்க."

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் பேராசிரியரே கையுறை மாட்டி, இடுக்கியோடு அமில ஜாடி முன்னால் நிற்கிறார். அலசுவது கண்ணாடியம்மா. அந்த ஓரத்தில் இன்னும் போகவில்லை, திரும்பப் போடுங்கள் என்று வேலை வாங்குகிறார்.

8

பதினொரு ஆய்வுக்கூடங்களுக்கும் அக்கா எழுதிவிட்டார். மூன்று முறை எழுதிய ஆசிரியருக்கு மட்டும் கைப்பட எழுதினார்: "தவறு என்னுடையது." அதற்கு என் உதவி தேவைப்படவில்லை. அன்று சிரித்ததற்கு என் பங்குக்கு நானும் கீழே ஒரு வரி சேர்க்கட்டுமா என்று கேட்டேன். உன்னை அவருக்குத் தெரியாது, பேசாமல் இரு என்றார்.

நாளைக் காலை இந்தக் கடிதம் போக வேண்டும். அடுப்படியிலிருந்து "வந்துச்சா?" என்று குரல் வருகிறது. வரவில்லை.

கழுவியது யார், ஏன் கழுவினார், இழுப்பறையைப் பார்த்தது யார், எல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். பொய் கூடாது. ஒரு பெண்ணின் வேலை போகக் கூடாது. அவர் செய்த நல்லதை வேறு யாரும் எடுத்துக்கொள்ளவும் கூடாது. இடம் இதோ:

இந்தத் தவறு வெளிப்படக் காரணம், ……………………………………

பென்சிலால் எழுதுங்கள். அக்கா திருத்துவார்.