கம்பியில் குத்திய நான்காவது கடிதம்

1

இந்தக் கதை ஒரு கம்பியிலிருந்து வந்தது. பம்பாய் செம்பூரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சமையலறைச் சுவரில், கடிதங்களைக் குத்தி வைக்கிற வளைந்த கம்பி ஒன்று தொங்கியது. கடிதம் ஒன்றும் இல்லை. யாரோ எல்லாவற்றையும் உருவிக்கொண்டு போயிருந்தார்கள். மீதி முழுக்க நானே இட்டுக்கட்டியது. இப்படி முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு நீங்கள் என்னைப் பிடிக்க முடியாது.

முதல் வாக்கியத்தை மூன்று முறை எழுதினேன்.

"1966 ஜூன் மாதத்து மழையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் செம்பூர் ஸ்டேஷனில்..." வேண்டாம். மழையில் தொடங்கும் பம்பாய்க் கதைகள் போதும்.

"மொழி என்பது..." இது கட்டுரை. அடித்தாயிற்று.

"செலினுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது." இது இருக்கட்டும்.

2

கம்பி தொங்கிய அந்த வீட்டில் வளர்ந்த செலினுக்குப் பதினாறு வயது. கான்வென்டில் இங்கிலீஷ், தெருவில் இந்தி, வீட்டில் தூத்துக்குடித் தமிழ். மூன்றிலும் பொரிந்து தள்ளுவாள். தமிழ் எழுத்து மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை. அம்மா லூர்தம்மாள் பள்ளிக்கூடம் போகாதவள். அப்பா ஞானராஜ் கப்பலில் பிட்டர். போன வருஷம் புறப்படும்போது, "கடுதாசி வந்தா செலின் படிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனவர் இன்னும் திரும்பவில்லை. தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

கடிதம் எழுதுகிறவன் லூர்தம்மாளின் தம்பி சேசுராஜ். உடன்பிறந்த அக்காவைக் கூப்பிடாமலே கல்யாணத்தை முடித்துக்கொண்டவன். அவனுடைய முதல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு செலின் விழித்தாள். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் சொகமாம். மழையே இல்லையாம்."

"வேற ஒண்ணும் எழுதலியா, ஏட்டி?"

"இல்லம்மா."

"மன்னிச்சிருன்னு ஒரு வார்த்த எழுதட்டும். அன்னைக்கே பதில் போடுதேன்."

ஒரு வருஷத்தில் நாலு கடிதம். நாலிலும் எல்லாரும் சுகம், மழை இல்லை. பதில் ஒன்றும் போகவில்லை.

[அடிக்குறிப்பு: இந்த இடத்தில் செலின்மேல் எனக்கே சந்தேகம் வந்தது. பக்கத்து வீட்டில் யாரிடமாவது கொடுத்துப் படித்திருக்க மாட்டாளா? படித்திருக்கலாம். ஆனால் கெட்டிக்காரி என்று அவளுக்குத் தெரு முழுக்கப் பேர். அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அந்த வயதில் எனக்கும் வந்திருக்காது.]

3

ஜூடித் பதினேழு வயது அமெரிக்கப் பெண். அவர்கள் ஊர்க் கோடை விடுமுறையில் தமிழ் படிக்க வந்த பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருத்தி. பங்குச் சாமியார் சொல்லி இந்த வீட்டில் வந்து தங்கினாள். காலையில் மாட்டுங்காவில் வகுப்பு. வகுப்புக்கு ஒரு விதி உண்டு. தினமும் சாயங்காலம் வீட்டில் கிடக்கும் தமிழ் எதையாவது வீட்டம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். வீட்டம்மா நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

லூர்தம்மாளுக்கு இதில் ஒரே பெருமை. படிப்பு தொடங்கும் முன்பே கட்டைவிரலில் மையை ஒற்றிக்கொண்டு தயாராக உட்காருவாள். காலண்டர், தீப்பெட்டி, தைலப் பாட்டில், ஊரிலிருந்து வந்த கருப்பட்டியைச் சுற்றியிருந்த தாள் எல்லாம் ஆயிற்று. எட்டாவது வாரத்தில் வீட்டிலிருந்த எழுத்து தீர்ந்துபோயிற்று.

"அம்மா, நான் இன்று எதை வாசிக்க வேண்டும்?" பாடப்புத்தகம் எழுந்து நடமாடினால் இப்படித்தான் பேசும்.

"அந்தக் கம்பியில கெடக்க கடுதாசிய எடு பிள்ள. செலினு படிச்சதுதான். ஒனக்கும் சுளுவா இருக்கும்."

4

இங்கே வந்து நான் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன்.

(அ) செலின் ஓடிவந்து கடிதத்தைப் பிடுங்கிக் கிழிக்கிறாள். எழுதிப் பார்த்தேன், சினிமா மாதிரி இருந்தது.

(ஆ) ஜூடித் செலினின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "எல்லாரும் சுகம்" என்று தானும் ஒரு பொய்யைப் படிக்கிறாள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்துக் கூட்டுவதற்கே தடுமாறுகிறவளுக்கு முகம் பார்க்க ஏது நேரம்?

ஆகவே நடந்தது இதுதான். கம்பியின் மேலே இருந்த நான்காவது கடிதத்தை ஜூடித் எடுத்தாள். போன வாரம் வந்தது. செலின் வாசலில் நின்றாள். 

"அக்... காவுக்கு. நான் செய்... தது தப்பு. மூன்று கடி... தத்திலும் மன்னிப்புக் கேட்டேன். நீ பதில் போட... வில்லை. எனக்குப் பிறந்த பிள்ளைக்கு நீதான் ஞா... னத்தாய்." ஜூடித் நிறுத்தினாள். "அம்மா, ஞானத்தாய் என்றால் என்ன?"

 கோயிலில் ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்கிறவள் ஞானத்தாய். கோபித்துக்கொண்ட அக்காவைத் தம்பி அதற்குக் கூப்பிட்டால், அதற்குமேல் கேட்க மன்னிப்பு கிடையாது. ஜூடித்துக்கு இதை விளக்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. உங்களுக்கு நான் விளக்கிவிட்டேன்.

"நாலு கடுதாசிலயும் இது இருந்துதா, செலினு?" லூர்தம்மாளின் குரல் உயரவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. ஒரு எழுத்துகூடத் தெரியாது."

லூர்தம்மாள் கம்பியில் மிச்சமிருந்த மூன்று கடிதங்களையும் பார்த்தாள். பிறகு, "ஞானஸ்நானம் என்னைக்குன்னு போட்டிருக்கானா?" என்றாள்.

ஜூடித் கடிதத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"நீ இரு பிள்ள. அவ சொல்லட்டும்."

5

தேதி எண்ணில் எழுதியிருந்தது. எண் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் ஒன்றுதான். கடிதம் வந்த அன்றே அதில் செலினால் படிக்க முடிந்தது அது ஒன்றுதான். எதற்கான தேதி என்பதுதான் தெரியாமல் இருந்தது. இப்போது தெரியும். அவள் கடிதத்தை வாங்கிப் பார்க்கவில்லை. எண் அவளுக்கு நினைவிருந்தது.

"ஆகஸ்ட்டு..."

மீதியை நான் எழுதப்போவதில்லை. ஏழு என்று எழுதினேன். அழித்துவிட்டேன். பதினெட்டு என்று எழுதினேன். செலினை நானே மன்னித்து அனுப்புகிற மாதிரி இருந்தது, அதற்கு எனக்கு உரிமை இல்லை. அதையும் அழித்துவிட்டேன். கதையில் இன்று ஆகஸ்ட் பன்னிரண்டு. தூத்துக்குடி போய்ச்சேர மூன்று நாள் ஆகும். ஜூடித்தின் நோட்டு திறந்தே கிடக்கிறது. லூர்தம்மாளின் விரலில் மை இன்னும் காயவில்லை. எண்ணை நீங்கள்தான் சொல்ல வேண்டும். செலினிடம் மெதுவாகச் சொல்லுங்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை உரக்கச் சொல்ல வேண்டியவள் அவள்.