ஆட்டம் முடிந்த பின் குளியல்

அந்தப் பையன்கள் வந்தபோது அம்மா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். வாய்க்கால் கெண்டை, செதில் அதிகம். சாம்பல் தொட்டு உரசிய கையோடு நிமிர்ந்தவள், தெருமுனையில் இருவர் ஒருவர் தோளை ஒருவர் இடித்தபடி நடந்து வருவதையும், பின்னால் ஒருவர் பைக்கை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருவதையும் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள். "செம்மொழி, ஒலையில இன்னும் கொஞ்சம் அரிசி போடு" என்றாள் என்னிடம்.

வந்தது இனியவனும் முபாரக்கும். மன்னார்குடிப் பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்றில் என் தம்பி புகழேந்தியோடு படித்தவர்கள், அவனோடு ஒரே கபடி அணியில் ஆடியவர்கள். பைக்கோடு வந்தவர் பரிதி சார், பள்ளியின் புது விளையாட்டு ஆசிரியர். பழையவரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். புகழ் போய் ஒரு வருஷம் முடிந்திருந்தது.

அவனை அந்தப் பள்ளிக்குக் கொண்டுபோனது கபடிதான். அப்பா தங்கையன் சவூதியில் லாரி ஓட்டுகிறார். அம்மா நடவுக்கும் களைக்கும் போவாள். நான் பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் ஊர் சுற்றிப் பார்த்ததில்லை. அவன் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிக் காப்பாளரின் போனிலிருந்து பேசும்போது, ஆடப் போன ஊர்களை மண்ணை வைத்துத்தான் சொல்வான். "மன்னார்குடி மண்ணு கெட்டிக்கா, முட்டி பேந்துடும். நாகூர்ல மணலு, காலு பொதையுது, ஓடவே முடியல. ஆனா புடிச்சுப் போட்டா வலிக்காது." தர்காவைப் பார்த்தாயா, கடலைப் பார்த்தாயா என்று கேட்டால் "பாத்தேன், பாத்தேன்" என்று தாண்டிவிடுவான். வேனில் எவன் வாந்தி எடுத்தான், முபாரக் எத்தனை புரோட்டா தின்றான் என்பதெல்லாம் விவரமாக வரும். கடைசியில், எங்கே குளித்தார்கள் என்பது.

ஆட்டம் முடிந்தால் குளியல் என்பது அந்த அணியின் வழக்கம். உடம்பெல்லாம் மண் அப்பிய பையன்களை வேன்காரர் சீட்டில் உட்கார விடமாட்டார். அதனால் ஜெயித்தாலும் தோற்றாலும், வழியில் எங்கே தண்ணீர் தென்படுகிறதோ அங்கே வண்டி நிற்கும். பம்புசெட், குளம், வாய்க்கால் மதகு, எதுவானாலும் சரி. ஒருவன் முதுகை இன்னொருவன் தேய்ப்பான். தோற்ற நாட்களில் "ஒன்னாலதான்டா", "ஒன்னாலதான்டா" என்று திட்டிக்கொண்டே இறங்குவார்களாம். ஏறும்போது சோப்பை எவன் தொலைத்தான் என்ற சண்டைதான் மிச்சமிருக்குமாம்.

போன வருஷம் திருப்பனந்தாள் பக்கம் ஒரு போட்டியில் ஜெயித்துவிட்டு, குளிக்கவென்று கொள்ளிடக் கரைக்கு வண்டியை விட்டார்கள். யார் யாருக்கு நீச்சல் தெரியும் என்று பழைய ஆசிரியர் கேட்டிருக்கிறார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அது பொய்யில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் விவரம் தெரிவதற்கு முன்பே வாய்க்காலில் விழுந்து நீந்தக் கற்றுக்கொள்கிறவர்கள். நீச்சல் தெரியாது என்று சொல்வது அவர்களுக்கு அவமானம். ஆனால் வாய்க்கால் அடி தெரிந்த தண்ணீர். இந்தக் கரையில் குதித்தால் அந்தக் கரையைத் தொட்டுவிடலாம். கொள்ளிடத்தில் அன்று முழங்கால் அளவுதான் ஓடிக்கொண்டிருந்தது. மணல் அள்ளிய பள்ளங்கள் அந்த முழங்கால் தண்ணீருக்கடியில் இருந்தன. கரையேறித் தலையெண்ணியபோது ஒன்று குறைந்தது. மறுபடி மறுபடி முங்கி அவனை வெளியே கொண்டுவந்தவன் இனியவன்.

அம்மா பள்ளி வாசலில் போய்ப் படுத்தாள். ஊரே சாலையில் உட்கார்ந்தது. தாசில்தார் வந்து சமாதானம் பேசினார். யார் யாரோ எதையெதையோ கேட்டார்கள். அம்மா கேட்டது ஒன்றுதான். "இனிமே இந்தப் பள்ளிக்கொடத்துலேருந்து ஒரு புள்ளையயும் வெளியூருக்கு ஏத்திட்டுப் போகக்கூடாது." தலைமையாசிரியர் எல்லார் முன்னிலையிலும் கைகூப்பி ஒப்புக்கொண்டார். வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். அதன்பிறகு அந்த அணி எங்கும் போகவில்லை. விடுதிக்குப் பின்னால் தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

சாப்பிட்டு முடிக்கும்வரை வந்த காரியத்தை யாரும் எடுக்கவில்லை.

"இவன் இன்னமும் இப்புடித்தான் திங்கிறானா?" அம்மா முபாரக்கைப் பார்த்துக் கேட்டாள்.

"ஹாஸ்டல்ல மீன் கொழம்புன்னு போர்டுலதாம்மா இருக்கும். கொழம்புல இருக்காது" என்றான் அவன்.

"போர்டப் பாத்தே மூணு தட்டு திம்பாம்மா" என்றான் இனியவன்.

அம்மாவின் வாய் லேசாகக் கோணியது. சிரிப்பென்று அவளிடம் இப்போது இருப்பது அவ்வளவுதான். பிறகு கேட்டாள். "சோத்துக்கு வந்த மூஞ்சி இல்லயே இது. என்ன சொல்லுங்க."

பரிதி சார்தான் சொன்னார். இந்த வருஷம் போட்டி அவர்கள் மைதானத்திலேயே நடந்ததால் பையன்கள் ஆடி ஜெயித்துவிட்டார்கள். அடுத்த ஆட்டம் ஜெயங்கொண்டத்தில். இனியவனுக்கு இது பன்னிரண்டாம் வகுப்பு. அங்கே ஆடினால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்குக் கேட்க முடியும். மார்க்கை நம்பி அவனுக்கு எதுவும் இல்லை. "ஹெச்.எம். பிடிவாதமா இருக்காரும்மா. நான் குடுத்த வாக்கு, அந்தம்மா வாயால போகச் சொன்னாத்தான் அனுப்புவேங்கிறாரு."

இனியவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வேணாம்னா வேணாம்மா. நான் வரமாட்டேன்னுதான் சொன்னேன். இவந்தான் இழுத்துட்டு வந்தான்."

"நீ சும்மா இர்றா" என்றாள் அம்மா.

தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். நானும் போனேன். சரியென்று சொல்லும்மா என்று சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. புகழ் இல்லாததால் இந்த உலகத்தில் நின்றுபோனது என்று காட்ட எங்களிடம் வேறென்ன இருந்தது? நடவு நடந்தது, பஸ் ஓடியது, பக்கத்துவீட்டில் கல்யாணம் நடந்தது. அந்தப் பள்ளியின் வேன் மட்டும்தான் ஓடாமல் நின்றது. அதையும் ஓடச் சொல்லிவிட்டால் அவன் எங்கே இருப்பான் என்று அவளும் நினைத்திருக்க வேண்டும். கழுவிய தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஈரக்கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். "ஆட்டம் முடிஞ்சா எங்க குளிப்பீங்க?"

முபாரக் சாரைப் பார்த்தான். சார், "குளிக்க மாட்டோம்மா. அப்படியே வண்டியேறி ஹாஸ்டலுக்கு வந்துடுவோம்" என்றார்.

"வேன்காரன் வுடுவானா?"

"சீட்டுல சாக்கு விரிச்சுக்கறோம்."

அம்மா இனியவனைப் பார்த்தாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"நானும் வர்றேன்" என்றாள்.

மறுநாள் அப்பா போனில் கேட்டார். "அந்தக் கொள்ளிடப் பாலத்தத் தாண்டணுமே, கண்ணாத்தா." அம்மா, "தெரியும்" என்றாள். நெடுநேரம் இருவரும் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

நான் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு போனேன். வேனில் பையன்கள் பாட்டுப் போட்டுக் கத்திக்கொண்டு வந்தார்கள். கும்பகோணம் தாண்டியதும் பாட்டு தானாகக் குறைந்தது. கொள்ளிடப் பாலத்தில் ஏறியபோது யாரோ ஒருவன் அதை நிறுத்திவிட்டான். ஐப்பசித் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயங்கொண்டத்து மண் சிவப்பு. எங்கள் பக்கத்துக் களிமண்ணைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு அது புண் போலத் தெரிந்தது. புகழ் இந்த மண்ணில் ஆடியதில்லை. அம்மா அவன் ஆடி எந்த மண்ணிலும் பார்த்ததில்லை. அவன் ஆடிய நாளெல்லாம் யாருடைய வயலிலோ குனிந்திருந்தாள். என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"புடிச்சா வுடமாட்டாங்களா?"

"கோட்டத் தொடுற வரைக்கும் வுடமாட்டாங்கம்மா."

"மூச்சு?"

"வுடாம பாடிக்கிட்டே இருக்கணும்."

இனியவன் ஏறிப் பாடப் போகும்போதெல்லாம் அவள் எழுந்து நின்றாள். அவன்மேல் நாலைந்து பேர் விழுந்து, கை மட்டும் கோட்டை நோக்கி நீண்டு கிடந்தபோது, "எந்திரிங்கடா, எந்திரிங்கடா அவன் மேலேருந்து" என்று கத்தினாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "ஒங்க பையனாம்மா?" என்று ஒருவர் கேட்டார். அம்மா கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தோற்றார்கள். இனியவன் நன்றாகவே ஆடியிருந்தான், அவன் காரியத்துக்கு அது போதும் என்றார் பரிதி சார். மைதானத்தை ஒட்டி ஒரு கொல்லையில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற அணிப் பையன்கள் தொட்டிக்குள் குதித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். "டேய் மன்னார்குடி, வாங்கடா! தோத்தவனுக்குத் தண்ணி கெடையாதுன்னு யார்றா சொன்னா?" என்று ஒருவன் கூப்பிட்டான். எங்கள் பையன்கள் அந்தப் பக்கம் திரும்பாமல் வரிசையாக நடந்து வந்து வேனில் ஏறினார்கள். சாக்கின் மேல் உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

போகப் போக மண் காய்ந்தது. வண்டிக்குள் செம்மண் வாடையும் வியர்வை வாடையும் நிறைந்தன. சொறியும் சத்தம் மட்டும் அங்கங்கே கேட்டது. சாயங்கால வெயிலில் பாலம் வந்தது. இம்முறை அம்மா வெளியே பார்த்தாள். பாலத்தின் பாதிவரை பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு முன்சீட்டில் இருந்த இனியவனின் கழுத்தில் கை வைத்து, நகத்தால் மெல்லச் சுரண்டினாள். மண் பொருக்குப் பொருக்காகச் சாக்கில் உதிர்ந்தது. அவன் திரும்பவில்லை. தோள் மட்டும் ஒருமுறை குலுங்கி நின்றது.

என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து முந்தானையை நனைத்தாள். அவன் கழுத்தை, காதுக்குப் பின்னால், தோள்பட்டையை அழுத்தித் துடைத்தாள். அவன் முதுகில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. பக்கத்து சீட்டில் முபாரக் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, பனியனைக் கழற்றிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னாலிருந்தவனும் பனியனைக் கழற்றினான்.

அம்மா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு, சிந்தாமல் சாய்த்தாள்.