மேற்கு மூலை உத்தரம்

தோள்பட்டை இற்று விழுவதுபோல் வலித்தது. பழைய மாட்டுப்பண்ணையைப் புதுப்பிக்கும் வேலையில் மூன்று நாளாகச் சுண்ணாம்புக் காரை சுமந்த வலி. சோனியா லீவு போடவில்லை. இன்று ஹரிபிரசாத் வருகிறார்.

விஷ்ராந்த்வாடிக்கு அப்பால் இருந்த அந்த மாட்டுப்பண்ணையை வெள்ளைக்காரன் தன் ஊர்ப் பண்ணை மாதிரியே கட்டியிருந்தான். நடுவில் சதுர முற்றம், மூன்று பக்கம் கொட்டில், நான்காவது பக்கம் மாடியில் வைக்கோல் பரண். இரண்டடிக் கருங்கல் சுவருக்குள் தேக்கு உத்தரங்களின் முனையைக் காற்றுப் புகாமல் செருகிப் பூசிவிட்டான். அவன் ஊர்த் தூறலுக்கு அது சரிப்பட்டிருக்கும். இங்கே நாலு மாதம் மழை மேற்குச் சுவரை அறையும். மரம் வெளியே மினுமினுக்கும், சுவருக்குள் உளுத்துப்போகும்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன் அந்தப் பரணிலிருந்து விழுந்துதான் சோனியாவின் அப்பா ஆரோக்கியசாமி செத்தார். ‘குடித்துவிட்டு ஏறினான்’ என்று எழுதிக் கொடுத்தவர் அப்போதைய மேற்பார்வையாளர் ஹரிபிரசாத். அம்மா அதை நம்பினாள். கல்லறைத் திருநாளுக்குக்கூட அப்பாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றியதில்லை.

போன வாரம் சோனியா சுத்தியல் காம்பால் உத்தரங்களைத் தட்டிப் பார்த்தாள். எல்லாம் ‘ணங்’கென்றன. மேற்கு மூலை ‘பொத்’தென்றது. முனைக்கடியில் சிமெண்டை அடைத்துத் தார் பூசியிருந்தார்கள். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பண்ணையின் வரலாற்றை அறிக்கையாக எழுத வந்த, கட்டடக்கலை படித்த பெண் வைஷு, பழைய விவரம் கேட்க ஹரிபிரசாத்தைப் பரணுக்கு அழைத்து வந்தாள். அவர் படியருகிலேயே நின்று பர்மா தேக்கின் பெருமை பேசினார்.

“சார், அந்த மேற்கு மூலையில நில்லுங்க. போட்டோக்கு வெளிச்சம் நல்லாருக்கும்” என்றாள் சோனியா.

“இங்கயே எடும்மா. முட்டி வலி.”

“நாலு எட்டுதான் சார். எங்கப்பா மூட்டையோட போன எடம்.”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். “நீ...”

“ஆரோக்கியசாமி பொண்ணு. போங்க சார், நீங்க குடிக்கலியே? இன்னா பயம்?”

“அங்கிள், நான் நிக்கறேன், நீங்க அப்புறம் வாங்கோ” என்று வைஷு மூலைப் பக்கம் காலெடுத்தாள். சோனியா அவள் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ, போகாதேம்மா! உத்தரம் உள்ளே உளுத்துக் கிடக்கு!” என்று கத்தினார் ஹரிபிரசாத்.

வைஷு திரும்பினாள். “உங்களுக்கு எப்படித் தெரியும் அங்கிள்? இன்னும் சுவத்தையே திறக்கலியே?”

அவர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார்.

“சொல்லுங்க சார். சிமெண்ட் எப்ப அடைச்சீங்க? எங்கப்பா உழறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி” என்றார், தரையைப் பார்த்து. “ஆபீசர் பார்வையிட வர்றார்னு... மரம் மாத்த நாள் இல்லை. மூட்டை பாரத்துல உத்தரம் இறங்கி, பலகை நழுவிடுச்சு. அதை ஏம்மா இப்பக் கிளறுறே?”

“எழுதிக்க வைஷு. மரம் உளுத்தது இவருக்குத் தெரியும். தெரிஞ்சே ஏத்தினார்.”

வைஷு எழுதினாள்.

“ஞாயித்துக்கிழமை வூட்டுக்கு வாங்க சார். எங்கம்மாகிட்ட இதையே சொல்லுங்க.”

“வரேன்” என்று இறங்கிப் போனார்.

மூன்று ஞாயிறு போய்விட்டது. அவர் வரவில்லை; ஃபோனையும் எடுப்பதில்லை. அவர் சொன்னது வைஷுவின் அறிக்கையில் எழுத்தாக இருக்கிறது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மகள் சொன்னால், “அப்பனுக்குப் பரிஞ்சு பேசற” என்கிறாள். ஆரோக்கியசாமி குடிக்கவில்லை என்று ஹரிபிரசாத் தன் வாயால் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அது இன்னும் பாக்கி.