எழுத்தில் வைக்காத வாடகை

நேசராஜா தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, ஆறிப்போன தேநீரை முகம் சுளித்துக்கொண்டு குடித்தார். மிஷன் பள்ளியொன்றில் முப்பத்தொரு வருடம் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவர். சேமிப்போடு மகள் அனுப்பிய பணத்தையும் சேர்த்து நல்லூரில் இரண்டாவது வீடொன்றை வாங்கியிருந்தார். அதை வாடகைக்கு விட்டால் வரி எப்படி வரும் என்று கணக்காளர் ஷெரோனிடம் விசாரித்திருந்தார்.

"என்னவாம்?" என்று கேட்டார் மனைவி பியாட்றிஸ்.

"வீட்டு உறுதிப் பத்திரம், வங்கிப் புத்தகம் எல்லாம் பார்த்து ஆலோசனை சொல்ல இருபத்தையாயிரமாம். வாயாலை சொல்லுற விசயத்துக்கு இவ்வளவோ?"

"தெரியாத விசயத்தைத் தெரிஞ்ச ஆக்களிட்டைத்தானே கேக்கோணும். வருத்தமெண்டால் டொக்டருக்குக் குடுக்கிறேல்லையே?"

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நண்பர் றொபின் காசு வாங்காமலே ஆலோசனை சொன்னார். "ஐசே, எழுத்திலை ஒண்டும் வையாதையும். வாடகையைக் கையிலை வாங்கும். ஆருக்குத் தெரியப்போகுது?"

நேசராஜாவுக்கு அந்த ஆலோசனை பிடித்துப்போனது.

அடுத்த மாதம் குணலட்சுமியின் குடும்பம் குடிவந்தது. அவளுக்குப் புடவைக்கடையில் வேலை. கணவன் கோகுலனுக்குக் கொடிகாமம் சந்தையில் மரக்கறி வியாபாரம். மகள் வித்தியாவை நல்லூர்ப் பக்கம் நல்ல பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே கொடிகாமத்திலிருந்து வந்திருந்தார்கள். மாதம் பிறந்ததும் குணலட்சுமி வாடகையைக் கொண்டுவந்து கொடுப்பாள். பற்றுச்சீட்டு என்று எதுவும் இல்லை.

இரண்டாம் வருடம் ஆனியில் அவள் வாசலில் வந்து நின்றாள்.

"அங்கிள், வித்தியாவை முதலாம் வகுப்பிலை சேர்க்க விண்ணப்பம் போடோணும். இஞ்சைதான் இருக்கிறம் எண்டு காட்ட, நொத்தாரிசு லோயர் எழுதின வாடகை ஒப்பந்தம் கேக்கினம்."

அந்தக் காகிதம் எவ்வளவு முக்கியம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பள்ளியில் அப்படி எத்தனையோ விண்ணப்பங்களைச் சரிபார்த்தவர். ஆனாலும் ஒப்பந்தம் எழுதினால் வாடகை வெளியே தெரிந்துவிடுமே என்ற பயம் முந்திக்கொண்டது.

"அது ஏலாது பிள்ளை. எனக்கு அதிலை சில சிக்கல் இருக்கு. வேறை ஏதும் குடுத்துப் பாருங்கோ."

அவள் திரும்பிப் போனாள்.

தை மாதம் பள்ளிகள் தொடங்கியிருந்தன. விடிகாலையில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன நேசராஜா பஸ் தரிப்பிடத்தில் கோகுலனைக் கண்டார். பக்கத்தில் புதுச் சீருடையோடு வித்தியா, தகப்பனில் சாய்ந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கை, இந்த நேரத்திலை?"

"கொடிகாமத்துக்கு. பழைய விலாசத்துக்குத்தான் பள்ளிக்கூடம் கிடைச்சுது, அங்கிள். என்னோடை கூட்டிக்கொண்டு போறன்."

அவன் குறையேதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நேசராஜாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்தவர் பாணை மேசையில் வைத்துவிட்டு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். நடந்ததைக் கேட்ட பியாட்றிஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பிள்ளையளுக்குப் படிப்பிச்ச ஆளல்லோ நீங்கள்?"

அன்றே அவர் ஷெரோனின் அலுவலகத்துக்குப் போய்க் கேட்ட தொகையைக் கட்டினார். அவள் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"கழிக்க வேண்டியதைக் கழிச்சால், வருசத்துக்குக் கட்ட வேண்டிய வரி உங்கடை ஒரு மாச வாடகையும் வராது, அங்கிள். போன வருசத்தையும் சேர்த்துத் தண்டத்தோடை கட்டிவிடலாம். ஏன் முதலே வரேல்லை?"

அவர் வரிப் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வரியைக் கட்டி, நொத்தாரிசிடம் ஒப்பந்தமும் எழுதி எடுத்துக்கொண்டு அவர் குணலட்சுமியிடம் போனார். அவள் அதை நிதானமாகப் படித்தாள்.

"வித்தியாவின்ரை இடத்துக்கு வேறை பிள்ளை வந்திட்டுது. இனி இது அவளுக்கு உதவாது, அங்கிள்."

"தெரியும் பிள்ளை. மன்னிப்புக் கேக்கவும் எனக்கு முகமில்லை. என்ரை வருமானத்தை ஒளிக்கிறன் எண்டுதான் நினைச்சன். இந்த வீட்டிலை இருந்த உங்களையும் சேர்த்து ஒளிச்சுப்போட்டன். வரியை ஏய்க்கிறவன் அரசாங்கத்தை மட்டும் ஏமாத்தேல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியதையும் பறிக்கிறான். இதைத் தெரிஞ்சுகொள்ள எனக்கு ஒரு பிள்ளையின்ரை பள்ளிக்கூடம் பறிபோக வேண்டியதாப் போச்சு."