மூன்று வரி வாஸ்தா

அம்மான் நகரில் குழாயில் தண்ணீர் வருவது வாரத்துக்கு ஒருநாள். எந்த நாள் என்று தெருவுக்கே தெரியும்; எத்தனை மணிக்கு என்றுதான் ஒருவருக்கும் தெரியாது. வந்த உடனே மோட்டாரைப் போட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றிவிட்டால் அந்த வாரம் நிம்மதி. கால் மணி தாமதித்தால் அக்கம்பக்கத்து மோட்டார்கள் இழுத்த மிச்சம்தான் கிடைக்கும். அப்புறம் துணி துவைப்பதா, தலைக்குக் குளிப்பதா என்று வாரம் முழுக்க வீட்டுக்குள் வழக்குதான்.

இந்த வழக்கைத் தீர்க்கத்தான் மைஸ் அந்த இணையதளத்தை எழுதினாள். அஷ்ரஃபிய்யா மலைச்சரிவில், நாலாவது மாடியில், அம்மாவோடு குடியிருப்பவள்; வயது முப்பத்துமூன்று. தெருமுனைக் கட்டடத்துக் காவலாளி குழாயில் தண்ணீரைப் பார்த்ததும் தன் போனில் ‘வந்தாச்சு’ என்ற பொத்தானை அழுத்துவார். தெரு முழுக்கச் செய்தி போகும். அவ்வளவுதான் ஆரம்பத்தில். பிறகு பக்கத்துத் தெரு குரல் செய்தி கேட்டது. அடுத்த தெரு லாரித் தண்ணீருக்குச் சொல்லிவைக்கும் வசதி கேட்டது. ஒவ்வொன்றுக்கும் மைஸ் ஒவ்வொரு ‘அப்படியானால் இப்படி’ எழுதிச் சேர்த்து, மூன்று வருஷத்தில் நிரல் சிடுக்கு விழுந்த தலைமுடி ஆகிவிட்டது. ஓரிடத்தில் இழுத்தால் வேறிடத்தில் வலித்தது.

போன குளிர்காலத்தில்தான் செருகுநிரல் முறையைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள். நடுவில் ஒரு சின்ன மையம். அதற்குத் தெரிந்தது தெரு, நாள், தண்ணீர் வந்துவிட்டது என்ற சேதி, இவ்வளவே. சேதி வரும் இடத்தில் ஒரு கொக்கி. வேண்டியவர்கள் தங்கள் நிரலை எழுதிக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டிக்கொள்ளலாம். வேண்டாமென்றால் கழற்றிக்கொண்டு போகலாம். மாட்டுகிறவர் யார் என்று மையத்துக்குப் பெயர்கூடத் தெரியக்கூடாது. இதைப் படித்துப் புரிந்துகொள்ள அரைமணி போதும். கைக்கு வருவதற்கு மூன்று மாதம் பிடித்தது. கட்டியதை இரண்டு தடவை இடித்தாள். கழற்றினால் கூடவே மற்றதையும் சாய்க்கும் செருகுநிரல், மையத்தின் வயிற்றுக்குள் கைவிட்டு எடுத்துக்கொள்ளும் செருகுநிரல் என்று செய்யக்கூடிய தப்பையெல்லாம் செய்துவிட்டுத்தான் கரை சேர்ந்தாள்.

மைஸைத் தவிர வேறொருவர் எழுதிய முதல் செருகுநிரல் ஸர்கா நகரத்து நஹ்லாவுடையது. பள்ளிக்கூடத்தில் கணினி டீச்சர். முப்பத்திரண்டு கட்டடங்களின் கமிட்டி அவளை நம்பித் தளத்தில் சேர்ந்தது. அவளைப் பார்த்து வெவ்வேறு ஊர்களில் இன்னும் ஏழு பேர் எழுதினார்கள். முகம் தெரியாதவர்கள் தன் மையத்தில் வந்து மாட்டியதைப் பார்த்து மைஸ் அழாத குறை.

இப்போது ஸர்கா கமிட்டி விலகப்போவதாகச் சொல்கிறது. செய்தி தாமதமாக வருகிறதாம். வியாழன் மாலை கூட்டம் போட்டு முடிவு செய்வார்கள். நஹ்லா போனால் மற்ற ஏழு பேரும் பின்னாலேயே போவார்கள். கொக்கியோடு மையம் காலியாக நிற்கும், ஒரு குளிர்காலத்து உழைப்பு மண்ணாகும்.

செவ்வாய்க்கிழமை முற்பகல் நஹ்லா பஸ் பிடித்து அம்மானின் லுவெய்ப்தே பகுதியில் மைஸ் வேலை செய்யும் அறைக்கே வந்துவிட்டாள். ஐம்பதைத் தொடும் வயது, கையில் பழைய மடிக்கணினி. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் சுஹைப் ஏலக்காய்க் காப்பியை நீட்டினான். அவள் வாங்கி, வாயில் வைக்காமல் மேசைமேல் வைத்தாள். கேட்க வந்தது கிடைக்கும்வரை தொடமாட்டேன் என்று அர்த்தம்; பெண் கேட்கப் போகிறவர்கள் அங்கே அப்படித்தான் செய்வார்கள்.

“குடிங்க டீச்சர், பொண்ணு கேட்டா வந்திருக்கீங்க?” என்றான் சுஹைப்.

“பொண்ணு கேக்குறது இதைவிட லேசு. மைஸ், என் செய்தி ஏன் லேட்டாப் போகுது?”

“நான்தான் சொன்னேனே டீச்சர். உங்க நிரல்ல சுத்தல் ஜாஸ்தி. கொஞ்சம் சுருக்கி எழுதுங்க.”

“மூணு வாரமா இதையேதான் சொல்றீங்க. இதைப் பாருங்க.” நஹ்லா கட்டம் போட்ட தாள் ஒன்றைப் பிரித்தாள். “போன வியாழக்கிழமை உங்க தெருவுல பொத்தானை அழுத்தினது ஒன்பது இருபது. செய்தி போனதும் ஒன்பது இருபது. என் நாத்தனார் உங்க தெருவுலதான் இருக்கா, எழுதி வைக்கச் சொன்னேன். எங்க ஊர்ல நேத்து அழுத்தினது பத்து மூணு. போனது பத்தேகால் தாண்டி. முந்தின வாரமும் பத்தேகால் தாண்டி. அதுக்கு முந்தி பத்தரை தாண்டி.”

“அதுக்கென்ன? என்னுது சுருக்கமா எழுதினது.”

“இருக்கலாம். ஆனா எழுத்து மோசம்னா இப்படிக் கால் மணிக்குக் கால் மணி கடிகாரம் வச்ச மாதிரி வராது. எங்கேயோ ஒரு வரிசை இருக்கு. நாங்க அதுல நிக்கிறோம், உங்க நிரல் நிக்கல. அதுக்கு வாஸ்தா இருக்கு மைஸ்.”

சுஹைப் சட்டென்று கணினித் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டான். சிபாரிசு என்று சொன்னால் வாஸ்தாவில் பாதியைத்தான் சொன்னதாகும். மாமனோ மச்சானோ பெரிய இடத்து டிரைவரோ, யாரோ ஒருவர் உள்ளே பேசுவார். வரிசை வெளியே வெயிலில் நிற்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓர் அலுவலக வேலைக்கு எழுதிய தேர்வில் மைஸ்தான் முதல். நாற்காலியில் போய் உட்கார்ந்தவள் உள்ளேயிருந்த ஒருவரின் அக்காள் மகள். அன்றிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டாலே மைஸுக்கு வயிறு எரியும்.

“என்னை என்ன வேணாச் சொல்லுங்க டீச்சர், அதை மட்டும் சொல்லாதீங்க,” என்றாள். “இந்த நாட்டுல வாஸ்தா இல்லாத ஒரு இடம் இருக்குன்னா அது நான் எழுதின மையம்.”

“நல்லது. நான் தப்புன்னு வியாழனுக்குள்ள காட்டுங்க, மன்னிப்புக் கேக்குறேன்.”

நஹ்லா மடிக்கணினியை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டாள். காப்பி அப்படியே இருந்தது. தேடி வந்தவர் காப்பியை வைத்துவிட்டுப் போவது கன்னத்தில் அறைந்ததைவிட மோசம். மைஸ் கோபத்தோடு மையத்தைத் திறந்தாள், அந்த அம்மாளின் முகத்தில் விட்டெறிய ஆதாரம் தேடி.

வரிசை இருந்தது. கொக்கியில் வரும் சேதியைக் கால் மணிக்கு ஒருமுறை விழித்துப் பார்த்து, ஒவ்வொரு செருகுநிரலாகக் கூப்பிட்டு, அது முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்ததைக் கூப்பிடுகிற வரிசை. குளிர்காலத்தில் சர்வர் தாங்காது என்று அவளே வைத்தது. ‘தற்காலிகம்’ என்று பக்கத்தில் குறிப்புகூட எழுதியிருந்தாள். வரிசைக்கு நாலு வரி மேலே, அவள் கையாலேயே எழுதிய இன்னும் மூன்று வரிகள்: அஷ்ரஃபிய்யா நிரல் என்றால் வரிசையில் நிறுத்தாதே, நேரே கூப்பிடு.

பெயர் தெரியக்கூடாத மையத்துக்கு ஒரே ஒரு பெயர் தெரிந்திருந்தது. மைஸுக்குக் காது சுட்டது. என்றைக்கு எழுதினாள் என்று தேதி பார்த்தாள், ஞாபகம் வந்தது. செய்தி தாமதமாகி, தொட்டி நிரம்பாமல், முழங்கால் வலியோடு அம்மா கீழேயிருந்து வாளி வாளியாக நாலு மாடி தூக்கிய வாரம் அது. மறுநாள் காலை இரண்டு நிமிஷத்தில் எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டாள். மறைத்து வைத்தது கூட இல்லை. அதற்கப்புறம் வரிசை மெதுவாக நகர்கிறது என்பதே அவளுக்குத் தெரியாமல் போயிற்று, ஏனென்றால் அவள் அதில் நிற்கவில்லை.

சுஹைப் எட்டிப் பார்த்தான். “சரி, பதறாத. முதல்ல வரிசையை நல்லா எழுது. பத்து நாள் ஆகும். அப்புறம் சத்தமில்லாம இதை எடுத்துடு.”

“பத்து நாள் இது இருக்கட்டும்ங்கிறியா?”

“நாளை மறுநாள் உங்க தெரு முறை. நானூறு வீடு. எல்லாரும் உன் வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க.”

“நிக்கட்டும்,” என்று மூன்று வரிகளையும் அழித்தாள். தன் தெரு நிரலைப் புதிதாகக் கொக்கியில் மாட்டினாள், எல்லோரையும்போல விண்ணப்பம் எழுதி.

வியாழன் காலை காவலாளி பொத்தானை அழுத்தியபோது மணி ஒன்பது ஐம்பது. மைஸின் போன் ஒன்பது ஐம்பதுக்கு வாய் திறக்கவில்லை. பத்து மணிக்கும் இல்லை. அறையில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து ஆறுக்குச் செய்தி வந்தது. பத்தரைக்கு அம்மா கூப்பிட்டாள்.

“என்னடி, உன் கடையில உன்னையே வெளியில நிறுத்திட்டாங்களா?”

“நானாத்தாம்மா போய் நின்னேன்.”

“தொட்டி கால்வாசிதான். எதிர்வீட்டுக்காரி வேற வந்து முறைச்சுட்டுப் போறா. நம்ம தெருவுக்கு மட்டும் பழையபடி வச்சுடேன் கண்ணு. யாருக்குத் தெரியப்போகுது?”

அந்தக் குரலில் துளிகூட வஞ்சகம் இல்லை. நல்ல மனுஷி, நல்ல மனசோடு கேட்கிறாள். அந்த அலுவலகத்தில் அக்காள் மகளுக்காகப் பேசியவரிடமும் யாரோ ஒருத்தி இப்படித்தான் கேட்டிருப்பாள். ஆறு வருஷமாக அந்த முகம் தெரியாத ஆளை மைஸ் அரக்கனாகவே நினைத்துவந்தாள். அவருக்கும் இரண்டு நிமிஷ வேலையாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றியது. அந்த நினைப்பு கோபத்தைவிட அதிகமாக வலித்தது. முடியாதும்மா, சாயங்காலம் நானே வந்து வாளி தூக்குகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு, நஹ்லாவைக் கூப்பிட்டாள்.

“டீச்சர், நீங்க சொன்னதுதான் சரி. உங்க நிரல்ல ஒரு குறையும் இல்ல. என்னுதைப் பின்வாசல் வழியா விட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமையே எடுத்துட்டேன். வரிசை இன்னும் மெதுவாத்தான் இருக்கு, மாத்தி எழுதிக்கிட்டிருக்கேன். கமிட்டியில இதை அப்படியே சொல்லிடுங்க.”



“மூணு வாரத்துல அதைப் பதினோரு தடவை திருத்தி எழுதினேன்,” என்றாள் நஹ்லா. “ஒவ்வொரு தடவையும் எனக்கு மூளை மழுங்கிடுச்சுன்னு நினைச்சேன். பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற யோக்யதை இனிமே எனக்கு இருக்கான்னு கூட நினைச்சேன்.”

அந்த அலுவலக வேலை கைநழுவிய பிறகு மாதக்கணக்கில் மைஸும் தேர்வின் விடைகளை மனசுக்குள் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்திருக்கிறாள், எங்கே குறைந்தோம் என்று. அதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

“மன்னிச்சுடுங்க,” என்றாள்.

“இப்ப உங்க தெரு வரிசையில எத்தனாவது?”

“புதுசா மாட்டினதால கடைசி. ஒன்பதாவது.”

“இன்னைக்குச் செய்தி எப்ப வந்துச்சு?”

“பதினாறு நிமிஷம் கழிச்சு.”

“தொட்டி?”

“கால்வாசி.”

நஹ்லா யோசித்தாள். “சாயங்காலம் கமிட்டிகிட்ட ஒரு மாசம் பொறுக்கச் சொல்றேன். அவ்வளவு நாள் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு மாசம்னு சொல்லி வைக்கிறேன்.”

“ஆகாதுன்னு எப்படிச் சொல்றீங்க?”

“இப்பதான் நீங்களும் நிக்கிறீங்களே.”